சாம்சன் அண்ணன் சொன்ன ஸ்கேல்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ராத்திரி இடி மட்டும், மழை இல்லை. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ் லேட். செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் டாக்டரிடம் திட்டு.

மார்க்கெட் ஸ்டாப்பில் சாம்சன் அண்ணன். எங்கள் சபைப் பாடகர் குழுவின் தலைவர், கீபோர்டு வாசிப்பவர், ஜெராக்ஸ் கடைக்காரர், என் ஜென்ம விரோதி. கையில் இறால் பை. நின்றிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி.

"இன்னாம்மா ஷீபா, கிட்டார வித்துட்டியா, இன்னும் வச்சிகினு கீறியா?"

சிரித்துவிட்டு பஸ் ஏறினேன். ஏன் சிரித்தேன் என்று செங்கல்பட்டு வரும் வரை யோசனை. பல்லை உடைக்கலாம் போல வந்தது. என் பல்லை அல்ல.

ஈஸ்டர் மறக்கவில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் விடியற்காலை ஆராதனை. சுற்று வட்டாரச் சபைகள் எல்லாம் வந்திருந்தன. அண்ணன் என் பக்கம் திரும்பி, வாசிக்க வேண்டிய சுருதி "சி ஸ்கேல்" என்றார். சி-யில் வாசித்தேன். ஸ்பீக்கர் ஜனங்கள் பக்கம், காதில் காற்று மட்டும். நன்றாகத்தான் போனது என்று நினைத்து நாலு இட்லி சாப்பிட்டேன். மதியம் பார்த்தால் அவர் ஸ்டேட்டஸில் நான். கீபோர்டு ஒரு வழி, என் கிட்டார் ஒரு வழி, நாராசம். கீழே: "எங்க கிட்டாரிஸ்ட் எந்த ஊர் பாட்டு வாசிக்கிறாங்க?" விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள் வேறு. மீன்கார அக்கா வரைக்கும் அந்த வீடியோ போனது. அடுத்த வாரம், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்று குழுவில் கிட்டார் வாசிப்பதிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து போனில் ரெகார்டிங்கின் சிவப்புப் புள்ளி வந்தால் விரல் மரக்கட்டை. யாராவது போனைத் தூக்கினாலே போதும்.

இன்று குழுவின் குரூப்பில் அறிவிப்பு. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி கிட்டார் வாசிக்க வருகிறாராம்.

முடிவு செய்துவிட்டேன். அதே ஈஸ்டர் பாட்டை நான் வாசித்து, ரெகார்ட் செய்து, அதே குரூப்பில், பண்டிகைக்கு முன்னால் போடணும். பார்த்துவிட்டு அவர் முகம் சுருங்கணும்.

அவருக்கு நடக்க வேண்டியவை:
– பரீட்சை ஹால் டிக்கெட் எடுக்க கூட்டம் நிற்கும் நாளில் ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கணும்.
– கீபோர்டுக்குள் எறும்பு.
– பந்தியில் அவர் இலை வரும்போது பிரியாணியில் பீஸ் தீரணும்.

ஜெபம் பண்ணும்போது இதெல்லாம் ஞாபகம் வருகிறது. வரட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

லீவு. வெயில். அம்மா கோலா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போனை அலமாரியில் சாய்த்து வைத்தேன்.

போன் ஆஃப்: முழுப் பாட்டும் பிசகாமல் வந்தது. இரண்டாம் முறையும்.

போன் ஆன்: விரல்களைச் சேர்த்துப் பிடிக்கும் முதல் கார்டே செத்தது. அழித்தேன். மறுபடி. குக்கர் விசில். மறுபடி. எஃப் கார்டில் பாதிக் கம்பி ஊமை. உள்ளங்கை வியர்த்து கிட்டாரின் கழுத்து வழுக்குகிறது. சிவப்புப் புள்ளிக்குப் பின்னால் சாம்சன் அண்ணன் உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரிப்பதாகவே தோன்றுகிறது. மறுபடி. அழித்தேன். அழுதேன், கொஞ்சம்.

அம்மா கதவுக்கு வெளியே: "அதே இடத்துல இடிச்சினு இடிச்சினு நிக்குதே, ரிப்பேரா?"

"நான்தாம்மா ரிப்பேர்."

"வந்து துன்னு. கொழம்பு ஆறிப்போவுது."

மீன் நன்றாக இருந்தது. கோபத்தில் நிறையச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எக்ஸ்ரே கூட்டம். பைக்கில் விழுந்தவர்கள்தான் பாதி. நாள் பூரா ஒரே வசனம்: "மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க, விடுங்க." ஆடாமல் நிற்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். என் விரல் ஆடாமல் நிற்கமாட்டேன் என்கிறது.

ரிசப்ஷனில் இருக்கும் ரேவதி அக்காவிடம் எல்லாம் சொன்னேன். அக்கா கூடுவாஞ்சேரி. தினம் ரயிலில் சண்டை போட்டு சீட் பிடித்து வருகிறவள். யாருக்கும் பயப்படாத ஜாதகம்.

"அந்த ஆள் வூடு எங்க கீது? நான் வந்து கேக்கறேன்."

"வேணாக்கா. நான் வாசிச்சுதான் கேக்கணும்."

"அப்ப கிட்டார இங்க எடுத்தாந்துடு. எக்ஸ்ரே ரூம்ல வச்சி அடி. ஈயக் கதவு, ஒரு பையன் எட்டிப் பாக்கமாட்டான்."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை! வெளியே லைட் எரிந்தால் கதவைத் தொட ஊரே பயப்படுகிற அறை அது.

ஆகஸ்ட் 9, சனி

பஸ்ஸில் கிட்டாரோடு ஏறினேன். கண்டக்டர், "பாட்டு உண்டா, டிக்கெட் மட்டும்தானா?" முறைத்தேன்.

மதிய இடைவேளையில் எக்ஸ்ரே ரூம். ஏசி குளிரில் கம்பி சுருதி கலைந்துவிட்டது. திருகி, திருகி, பாதி நேரம் போனது. ஒருவழியாக ஒரு டேக் நடுவில் நிற்காமல் முடிந்தது. கேட்டுப் பார்த்தேன். அய்யோ. கம்பி இரையுது, கார்டு மாறும்போதெல்லாம் ஒரு கீச். இவ்வளவு நாள் நான் வாசித்தது இதைத்தானா? என் காதில் வேறு மாதிரி கேட்டதே. முகம் சுட்டது.

அக்கா ஒரு பக்கம் தயிர் சாதம், ஒரு பக்கம் என் போன்.

"நல்லாத்தான கீது?"

"இரையுதுக்கா."

"எக்ஸ்ரேல எலும்பு உடைஞ்சிக்கீதான்னு பாப்பியா, மூஞ்சி அழகா வரலன்னு அழுவியா? எதுவும் உடையல. போடு."

போடவில்லை. அழிக்கவும் இல்லை. இதுவே முதல் தடவை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று ஒன்று கண்டுபிடித்துவிட்டேன்.

சபையில் இப்போது எனக்கு லேப்டாப் வேலை, பாட்டு வரிகளைத் திரையில் மாற்றுவது. சாம்சன் அண்ணன் பக்கத்திலேயே நாற்காலி. தாம்பரம் தம்பி ஒத்திகைக்கு வந்திருந்தார். அண்ணன் "சி-ல போலாம் தம்பி" என்றார். தம்பி ஆரம்பித்தார். அதே நாராசம்! ஈஸ்டர் அன்று கேட்ட அதே ஓலம். அண்ணன் சட்டென்று ஒரு பட்டனைத் தொட்டார். அதற்குள் நான் கீபோர்டின் சின்னத் திரையைப் பார்த்துவிட்டேன். ப்ளஸ் இரண்டு.

டிரான்ஸ்போஸ் பட்டன். அதை ஏற்றி வைத்தால் விரல் சி-யில் இருந்தாலும் சத்தம் டி-யில் வரும். அண்ணனுக்கு சி தவிர வேறு ஸ்கேல் விரலுக்கு வராது, எல்லாம் அந்தப் பட்டன் புண்ணியம். பட்டனை ஏற்றினால் எங்களிடம் டி என்று சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு.

தம்பியிடம் என்ன சொன்னார்? "ஸ்கேல் மாறிடுச்சி தம்பி, பரவால்ல." அவ்வளவுதான். அவருக்குப் பரவாயில்லை. எனக்கு ஸ்டேட்டஸ்.

போதகர் இன்று மன்னிப்பைப் பற்றித்தான் பேசினார். நல்ல பிரசங்கம் என்று அம்மா சொன்னாள். நான் சாம்சன் அண்ணனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஈஸ்டர் வீடியோவைத் திறந்தேன். அவமானத்தில் அன்றைக்குப் பிறகு திறக்காமலே வைத்திருந்தது. ஆரம்பத்தில் கீபோர்டு மட்டும் வரும் இடம். கிட்டாரை எடுத்து ஒத்துப் பார்த்தேன். டி. சத்தியமாக டி. நான் தப்பே செய்யவில்லை! பைத்தியம் மாதிரி சிரித்தேன். அப்புறம் தலையணையைக் குத்தினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆத்திரத்தோடு எக்ஸ்ரே ரூமுக்குப் போனேன். இன்றைக்கு பயமே இல்லை, ஒரே டேக்கில் முடிப்பேன் என்று. பாட்டு குதிரை மாதிரி ஓடியது. பாதியில் முதல் கம்பி அறுந்து புறங்கையில் கீறல்.

ரேவதி அக்கா பஞ்சு வைத்துக்கொண்டே: "பாட்டு வாசிக்கிறியா, கொல பண்றியா?"

புதுக் கம்பி வாங்கணும். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

ஆகஸ்ட் 14, வியாழன்

நல்ல மழை, கூட்டம் இல்லை. அக்கா ஒரு வேலை செய்தாள். என் போனில் ரெகார்டிங்கை அழுத்தி, ஈயக் கவசம் மாட்டுகிற ஆணிப் பக்கம் சாய்த்து வைத்து, "லஞ்ச் முடியறவரைக்கும் அது ஓடும். தொட்டின்னா கைய ஒடச்சிடுவேன். நீயே எக்ஸ்ரே எடுத்துக்கோ" என்றாள். எதிரே உட்கார்ந்து ரயிலில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

நான் கேட்டுக்கொண்டே வாசித்தேன். தப்பாக வாசித்தேன். சிரித்தேன். மறுபடி. எப்போது அந்தப் புள்ளியை மறந்தேன் என்று தெரியாது. அக்கா கை கழுவப் போன நேரத்தில் பாட்டு முழுசாக ஒருமுறை வந்துவிட்டது. வெளியே யாரோ இருமுகிறார்கள், அது கூட விழுந்திருக்கிறது. இருக்கட்டும்.

பிறகு நானாகவே இன்னொன்று எடுத்தேன். அக்கா போனில் ஈஸ்டர் வீடியோவின் ஆரம்பத்தை ஓடவிட்டு, கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "சாம்சன் அண்ணன் எனக்குச் சொன்ன ஸ்கேல் இது." சி-யில் வாசித்தேன். ஓலம். இரண்டாம் கட்டையில், சுருதியை ஏற்றிவிடும் கேப்போ கிளிப்பைப் போட்டேன். "அண்ணன் கீபோர்டுல வந்த ஸ்கேல் இது." பாத்திரத்துக்கு மூடி மாதிரி பொருந்தியது. குரல் கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. கை நடுங்கவில்லை.

இரண்டையும் சேர்த்து ஒரே வீடியோ. ரிசப்ஷனில் அக்கா சத்தமாகப் போட்டுக் கேட்டாள். மணிக்கட்டு உடைந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "யாரு வாசிக்கறது? சோக்கா கீதே" என்றார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா சொன்னாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. காலையில் கொடியேற்றம், மிட்டாய். பிறகு போனும் நானும்.

சேனல் ஒன்று ஆரம்பித்து வீடியோவை ஏற்றிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் அது சுலபம். லிங்க்கை குரூப்பில் போடுவதுதான் வேலை. ஒட்டினேன். எடுத்தேன். ஒட்டினேன். கீச் சத்தம் ஒன்று ஞாபகம் வந்து எடுத்தேன். மார்க்கெட் ஸ்டாப்பில் அவர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அனுப்பிவிட்டேன்.

 போனை அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். வலை காயப் போட்டிருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பார்ப்பதாகவே இருந்தது.

திரும்பி வந்தால் அம்மா வாசலில். "அரிசிக்குள்ள இன்னாடி கீ கீன்னு கத்திகினே கீது?"

குரூப் முழுக்க. ஆல்ட்டோ பாடும் அக்கா முதல் ஆளாக, "அப்ப ஷீபா மேல தப்பு இல்லயா?" டிரம்ஸ் அண்ணன் வாயைப் பொத்துகிற பொம்மை. யாரோ, "நல்லா வாசிச்சிருக்க ஷீபா, இத்தனை நாள் ஏன் போடல?" கடைசியாகப் போதகர் மனைவி: "பண்டிகைக்கு நீயும் வாசிம்மா." சாம்சன் அண்ணனும் பார்த்துவிட்டார்.

ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. கெட்ட சந்தோஷம்தான். கீழே ஊற்றிவிட மனசில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தூறல். காலையில் சபையில் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்கேலை மட்டும் சத்தமாக, தெளிவாக, இரண்டு தடவை சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். தனியாக. அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஷீபா, அத்த எடுத்துடும்மா."

"ஏண்ணே, தப்பா வாசிச்சிருக்கேனா?"

"வாசிச்சதெல்லாம் கரீட்டு. எனக்கு சி வுட்டா வேற தெரியாதுன்னு ஊரே பேசிகினு கீது."

"ஈஸ்டர் அன்னிக்கு பட்டன் ஏறியிருந்தது உங்களுக்கு எப்ப தெரியும்?"

தெரியவே தெரியாது என்பார் என்று நினைத்தேன். டீயின் ஆடையை விரலால் ஒதுக்கினார்.

"அன்னிக்கு சாயங்காலமே தெரியும்மா. ஸ்டேட்டஸ எடுத்துடலாம்னுதான் இருந்தேன். எடுத்தா, ஏன் எடுத்தன்னு கேப்பாங்களே."

அன்று சாயங்காலமே! நான் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு அழுத சாயங்காலம்.

"நேத்து மாமல்லபுரத்துல ஒரு கல்யாணம்," என்றார். "கீபோர்டு முன்னால குந்தினா, எவனோ போனத் தூக்கறான். கை நடுங்குது ஷீபா. எல்லாரும் பட்டனையே பாக்கறாங்கன்னு தோணுது. வெரல் நவுரல. உனக்கு இன்னா தெரியும் அந்தப் பேஜாரு."

எனக்கா தெரியாது! அவர் விரல்களைப் பார்த்தேன். நிஜமாகவே கண்ணாடி டம்ளர் ஆடியது. ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. அதுவும் உண்மைதான், எழுதி வைக்கிறேன்.

"எடுத்துடறேண்ணே."

முகம் மலர்ந்தது. "எப்பம்மா?"

"ஈஸ்டர்லருந்து இன்னிக்கு வரைக்கும் நாலு மாசம் நான் அப்படி இருந்தேன். நீங்களும் அவ்ளோ நாள் இருங்க. டிசம்பர்ல எடுத்துடறேன்."

"டிசம்பர்ல கிறிஸ்துமஸ் கீதேம்மா!"

"ஆமாண்ணே. டீ ஆறுது, குடிங்க."