ஞாயிற்றுக்கிழமை ஓடாதே, ஸ்வீட்லின்

சேசு மரி சூசை

ஆவடி,
புதன்கிழமை

அன்பு மகள் ஸ்வீட்லினுக்கு அம்மா ஜெயகுமாரி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த மெல்போர்ன் குளிரில் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத வேண்டிய இடம் இது, இன்றைக்கு அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதிப் பக்கத்து வீட்டு ரேஷ்மாவிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு நாலு மாதம் முன்னால் வைத்தது பேஸ்மேக்கர் என்று உன்னிடம் சொன்னோம், அது இல்லை. அவருக்கு இதயத் தசை தடித்திருக்கிறது, திடீரென்று துடிப்பு தறிகெட்டு ஓடினால் உயிரே போய்விடுமாம், அப்போது உள்ளிருந்தே ஷாக் கொடுத்து மீட்கிற கருவி அது. போன வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். எனக்கு உயிரே இல்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கண்ணைத் திறந்து, இன்னா ஜெயா, எவன் நெஞ்சுல எட்டி ஒதைச்சான் என்கிறார். டாக்டர் கலைவாணி கருவியில் பதிவானதைப் பார்த்துவிட்டு, இது இல்லையென்றால் அன்றோடு முடிந்திருக்கும் என்றார். பிள்ளைகளுக்கும் வரக்கூடிய நோய், குடும்பத்தில் யாராவது மயங்கி விழுந்ததுண்டா, சின்ன வயசில் திடீரென்று செத்ததுண்டா என்று மறுபடியும் கேட்டார். கருவி வைக்கும் முன்னும் கேட்டதுதான். இரண்டு தடவையும் வாய் கூசாமல் இல்லை என்றேன்.

பன்னிரண்டாவது படிக்கும்போது பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில், ஏழாம் ஸ்தலத்தில் நீ விழுந்தாயே, ஞாபகம் இருக்கிறதா. ஒருசந்தி நோன்பு இருந்த பிள்ளை, பசி மயக்கம் என்று கோயில் பங்கு முழுக்கச் சொன்னேன், எல்லாரும் உன் பக்தியை மெச்சினார்கள். அன்று காலை யாருக்கும் தெரியாமல் நீ ஆறு இட்லி தின்றாய், தட்டைக் கழுவினவள் நான். விழுகிற பெண் என்று பெயர் வந்தால் யார் கட்டுவான் என்ற பயம், பாவி நான். உன் சித்தப்பா ஆன்டோ முப்பத்திரண்டு வயசில் வாலிபால் ஆடும்போது விழுந்து செத்ததையும் வெயில் என்றுதான் மூடினோம்.

நேற்று தனியாகப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பொண்ணு இப்ப என்ன பண்றா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இருபத்தோரு கிலோமீட்டர் ஓடப் போகிறாள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. இசிஜி, எக்கோ எடுத்து இதய டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓடவே கூடாதாம். உனக்கும் இருந்தே தீரும் என்றில்லை, இருந்தாலும் மாத்திரை இருக்கிறது, தேவைப்பட்டால் கருவி இருக்கிறது. தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. மாப்பிள்ளையிடமும் இதைக் காட்டு, அவர் வீட்டார் என்னை என்ன வேண்டுமானாலும் பேசட்டும். பந்தய நம்பரை மாட்டிக்கொண்டு வீம்புக்கு ஓடினாயோ, அப்புறம் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

ஆண்டவர் உன் நெஞ்சைக் காக்கட்டும். மாதா உன் கூடவே நடக்கட்டும், ஓட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயகுமாரி எட்மண்ட்

மறக்காதே: அன்றைக்கு வெறும் வயிறா என்று அங்கே டாக்டர் கேட்டால், இல்லை, ஆறு இட்லி என்று சொல். அம்மாவுக்குத் தெரியும் என்று சொல்.