வீட்டுப் புண்ணாக்கு

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். வைக்கோல் போருக்குத் தார்ப்பாய் போட ஆள் வரவில்லை. பால் சொசைட்டியிலிருந்து அனுப்பின நம் ஊர்ப் பால் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. பூசணம் பிடித்த தீவனத்தின் விஷம் பாலில் இறங்கியிருக்கிறதாம். நாளை ஒவ்வொரு வீட்டுப் பாலுக்கும் தனித்தனியாகச் சோதனை.

எனக்குச் சந்தேகம் தீவனக் கடைக்காரன் மேல்தான். பழைய மூட்டையைப் பிரித்து மறுபடி தைக்கிற ஆள். அதனால்தான் கடைத் தீவனம் சொசைட்டிக்கு ஊற்றுகிற மாடுகளுக்கு மட்டும். வீட்டுப் பாலுக்கு என்று தனியாக வைத்திருக்கும் செவலை மாட்டுக்கு எங்கள் காட்டில் விளைந்த கடலையை ஆட்டின புண்ணாக்கு. பிரசவத்துக்கு வந்த மகள் கவிதா கைக்குழந்தையோடு இங்கேதான் இருக்கிறாள். காலை, மாலை இரண்டு வேளையும் அவளுக்குச் செவலைப் பால்.

ஐப்பசி 10, செவ்வாய்

வெயிலே இல்லை. துணி காயவில்லை.

சொசைட்டிக்கு ஊற்றின என் பால் சுத்தம்! பக்கத்து வீட்டுச் சரசுவின் பாலில்தான் விஷம். எனக்கு முன்னமே தெரியும். கட்டுத்தரையைக் கூட்டக்கூடச் சோம்பல் அவளுக்கு. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான், இல்லாமல் என்ன.

வாங்க: இவருக்குச் சளி மாத்திரை, குழந்தைக்குச் சோப்பு, தாம்புக் கயிறு.

ஐப்பசி 11, புதன்

சரசு வாசலில் வந்து நின்றாள். மாடு என்னென்ன தின்கிறது என்று மாட்டு டாக்டர் கேட்டாராம்.

"மாடு கன்னு போட்டப்ப நீங்க ஒரு மூட்டை புண்ணாக்கு குடுத்தீங்களேக்கா, அதையுஞ் சொல்லிப்போட்டனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "எங்கூட்டுப் புண்ணாக்கையா? கடையில கண்டதையும் வாங்கிப் போட்டுப்போட்டு எம்மேல பழி போடறயா?"

திரும்பிப் போய்விட்டாள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரனாகத்தான் இருக்கும். நாளைக்குச் செவலைப் பாலையே கொண்டுபோய்க் காட்டி அத்தனை பேர் வாயையும் அடைக்கிறேன்.

இவர் மட்டும் முனகினார். "பறிச்சுப் போட்ட கடலை மழையில நனைஞ்சுதல்ல, புள்ள."

நனைந்தால்? காயவைத்துத்தானே ஆட்டினோம். புண்ணாக்கில் பூசணம் இருந்தால் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஊறவைக்கிறேன். கடையில் இதெல்லாம் யார் செய்கிறார்கள்?

ஐப்பசி 12, வியாழன்

மழை விட்டது. தூக்குப் போசியில் செவலைப் பாலோடு சொசைட்டிக்கு.

சோதனை அட்டையைப் பாலில் நனைத்து, இரண்டு கோடு விழுந்தால் நல்ல பால் என்றார் டாக்டர். ஒன்றுதான் விழுந்தது. அட்டை பழசாக இருக்கும் என்றேன். புது அட்டை பிரித்துப் போட்டார். அதே ஒன்று.

"தொடச்சாலும் போகாதுங்க, காய வெச்சாலும் போகாதுங்க. பாலைக் காச்சினாலும் அப்படியேதான் இருக்கும். தின்னது பாலுல வந்துரும்."

வீட்டுக்கு வந்து மிச்சப் பாலைத் தென்னைக்கு ஊற்றினேன். வேலிக்கு அந்தப் பக்கம் சரசு. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கவிதாதான் கேட்டாள். "ஏனுங்மா, நல்ல பாலைக் கொட்டறீங்க?"

பூனை வாய் வைத்துவிட்டது என்றேன்.

தின்னது பாலில் வருமாம். மாட்டுக்கு மட்டுமா?

டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. உள்ளே குழந்தை அழுகிறது. கவிதா எடுத்துவிட்டாள். அழுகை நின்றுவிட்டது, குடிக்கிறது.