ஜப்பான்காரி

மயிலாப்பூர்
8-9-42

அன்புள்ள செண்பகத்துக்கு,

ஜஹீதா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே அத்தா, அம்மா, அத்தாவின் தங்கை சகினா குப்பி, நான், குப்பியின் ஆடு எல்லாரும் சுகம். அங்கே நீயும் உன் அம்மா அப்பாவும் சுகமா? ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஏப்ரலில் ரயிலேறினாய். ஐந்து மாதமாக அவனும் வரவில்லை, நீயும் வரவில்லை. இரண்டு பேரில் யார் முதலில் என்று தெரிந்தால் தேவலை.

பாதிப் பெண்கள் ஊரைவிட்டுப் போய்விட்டதால், நம் நாலாவது ஃபாரத்தோடு தியாகராய நகர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் நாலாவது ஃபாரத்தைச் சேர்த்துவிட்டார்கள். நம் பழைய கூட்டத்தில் மிச்சம் நானும் வஜீஹாவும்தான். புதுக் கூட்டத்துக்கு மனோரஞ்சிதம் என்று ஒரு தலைவி. முதல் நாளே என் அத்தாவுக்கு என்ன தொழில் என்று விசாரித்தாள். லஸ் பக்கத்தில் டிரங்குப் பெட்டிக் கடை, ஊரைவிட்டு ஓடினவர்கள் எல்லாரும் எங்கள் பெட்டியில்தான் துணிமணியை அடைத்துக்கொண்டு ஓடினார்கள், ஏப்ரல் மாதம் அத்தாவுக்குச் சோறு தின்ன நேரமில்லை என்று பெருமையடித்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ ஜப்பான்காரன் வந்தா உங்க வீட்டுக்கு நல்லது" என்றாள்.

அன்று மத்தியானமே என் பேர் மாறிவிட்டது. ஜப்பான்காரி. நான் வகுப்பில் நுழைந்தால் ஒருத்தி ஊ என்று அபாயச் சங்கு ஊதுகிறாள், மற்றவர்கள் பெஞ்சுக்கு அடியில் பதுங்குகிறார்கள். முதல் தடவை நிஜச் சங்கு என்று நினைத்து நானும் பதுங்கிவிட்டேன். பூகோள டீச்சர் ஜப்பானின் தலைநகரம் எது என்று கேட்டபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டோக்கியோ என்று சரியாகச் சொன்னது பெரிய தப்பாகப் போயிற்று.

வேறு விசேஷமில்லை. பதில் போடு.

உன் பிரியமுள்ள
ஜஹீதா

வாலாஜாபேட்டை
14-9-42

அன்புள்ள ஜஹீதாவுக்கு,

செண்பகம் எழுதிக்கொண்டது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் தணிகாசலம் மாமா வெளியே வந்து, பெண்பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அம்மாவைக் கேட்டார்.

மாமாவின் இந்த வீட்டில் இப்போது பத்தொன்பது பேர். எல்லாரும் பட்டணத்திலிருந்து உயிர் பிழைக்க வந்த சொந்தக்காரர்கள். குளியலறை ஒன்றே ஒன்று. கையில் செம்போடு வரிசையில் நிற்பதுதான் என் உத்தியோகம். இந்தக் கடிதத்தையும் அங்கே நின்றபடிதான் எழுதுகிறேன், எனக்கு முன்னால் ஏழு பேர். இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அச்சாபீஸ் வேலை போன துக்கத்தில் பழைய பஞ்சாங்கத்தில் எழுத்துப்பிழை பார்க்கிறார்.

ஜப்பான்காரி என்றால் என்ன குறைந்துவிட்டாய். நாளைக்கு அவர்கள் பதுங்கும்போது நீ சக்கரவர்த்தி மாதிரி தலையை ஆட்டிவிட்டு நடந்து போ. நான்கு நாளில் சலித்துவிடும்.

இப்படிக்கு உன் தோழி
செண்பகம்

மயிலாப்பூர்
27-9-42

அன்புள்ள செண்பகத்துக்கு,

ஸலாம். நீ சொன்னபடி சக்கரவர்த்தி மாதிரி நடந்தேன். ஒருத்தி காலை நீட்டினாள். சக்கரவர்த்தி குப்புற விழுந்தார்.

மைதானத்தில் பதுங்கு குழி வெட்டியிருக்கிறார்கள். புதன்கிழமைதோறும் ஒத்திகை. நான் இறங்குகிற குழியில் வேறு யாரும் இறங்குவதில்லை. பன்னிரண்டு பேருக்கு வெட்டின குழியில் நான் ஒருத்தி, காலை நீட்டிப் படுக்கலாம். வஜீஹாவும் அடுத்த குழிக்குப் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுக்கு மஞ்சூரியா என்று பேர் வைப்பார்களாம், ஜப்பான்காரன் பிடித்துக்கொண்ட தேசமாம்.

நோன்பு மாதம் ஒரு விதத்தில் சௌகரியம். சாப்பாட்டு வேளையில் யார் பக்கத்தில் போய் உட்காருவது என்ற கவலை இல்லை. நோன்பு முடிந்ததும் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. மூன்று வாரமாக என்னோடு பேசினவர் ஹாஜர் எடுக்கிற டீச்சர் மட்டும்தான். அதற்குப் பதில் சொன்னாலும் பின்னால் சிரிக்கிறார்கள்.

போன புதன்கிழமை சங்கு ஊதினபோது நான் குழியில் இறங்கவில்லை. நடு மைதானத்தில் நின்றேன். ஒத்திகையோ நிஜமோ தெரியாது, நிஜமாக இருந்தால் நல்லது என்று தோன்றியது. என் தலையில் ஒன்று விழுந்தால் எல்லாருக்கும் சுலபம். டீச்சர் வந்து காதைத் திருகி இழுத்துப் போனாள்.

என் தையல் பெட்டியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், நீ ஆசைப்பட்ட அந்த மயில் போட்டது. எனக்கு இனித் தேவைப்படாது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லாதே. நீ சிரித்தால் போதும்.

ஜஹீதா

வாலாஜாபேட்டை
29-9-42

என் ஜஹீதாவுக்கு,

உன் கடிதத்தை வரிசையில் நின்று படித்தேன். என் முறை வந்ததும் தெரியவில்லை, எல்லாரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். இரண்டு இடத்தில் சிரித்தேன். பிறகு அந்த மைதானம் வந்தது.

நேராகக் கேட்கிறேன். செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா? வேடிக்கையாகப் பதில் எழுதாதே. ஆமாம், இல்லை, சில சமயம், எது உண்மையோ அதை எழுது. ஆமாம் என்று எழுதினாலும் உன்னைப் பற்றி வேறு மாதிரி நினைக்க மாட்டேன். நான்கு நாளில் சலித்துவிடும் என்று எழுதினேனே, நான் ஒரு மடச்சி. நீ சொன்னதைக் காதில் வாங்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். இதே தபாலில் உன் சகினா குப்பிக்கும் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். முதலில் தந்தி அடிக்கச் சொல்லி அப்பாவைக் கெஞ்சினேன். தந்தி வந்தால் பிரித்துப் படிப்பதற்கு முன்பே உங்கள் தெருவே அழ ஆரம்பித்துவிடும் என்று விட்டுவிட்டோம். உன் அத்தாவுக்கு எழுதினால் மயக்கம் போடுவார். குப்பிதான் குறுக்கே பேசாமல் கேட்பவள்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். பத்து வருஷம் என்னோடு பேசாமல் இரு. பத்து வருஷம் இருந்து, பேசாமல் இரு.

செண்பகம்

மயிலாப்பூர்
15-10-42

செண்பகத்துக்கு,

நோன்பு நாளில் கோபப்படக் கூடாது என்று குப்பி சொன்னதால் பொறுத்திருந்தேன். பெருநாள் முடிந்துவிட்டது. இப்போது கோபப்படுகிறேன்.

நீ செய்த காரியத்தைக் கேள். குப்பி உன் கடிதத்தைப் படித்தாள். என் பாயை ஒட்டித் தன் பாயைப் போட்டுக்கொண்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாடி கண்ணு, இருக்கவே புடிக்கலையா?" என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் எழுந்து போகவில்லை. கடைசியில் நான் சொல்ல ஆரம்பித்து, முடிப்பதற்குள் நோன்புக் கஞ்சி ஆறிப்போயிற்று. குப்பி அத்தாவிடம் சொன்னாள். அத்தா கடையைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அழுதார். என் அத்தா அழுது நான் பார்த்ததில்லை. உன்னால் பார்த்தேன்.

அதோடு விட்டதா? புதன்கிழமை குப்பி திரை போட்ட ஜட்காவில் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். தலைமை ஆசிரியையோடு அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வெளியே வரவும் ஒத்திகைச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. எல்லாரும் ஓடினோம். குப்பியும் ஓடி வந்து நேரே என் குழியில் இறங்கினாள். இறங்கிவிட்டாள். ஏறத்தான் முடியவில்லை. குப்பியின் சரீரம் உனக்குத் தெரியும். பன்னிரண்டு பேர் குழி அவளுக்கும் எனக்கும் அளவாக இருந்தது.

சங்கு நின்றதும் பள்ளிக்கூடம் முழுவதும் குழியைச் சுற்றி நின்று சிரித்தது. குப்பி கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "சிரிங்க, வேணான்னு சொல்லல. சிரிச்சிக்கினே ஆளுக்கு ஒரு கை குடுங்க" என்றாள். முதலில் வஜீஹா கை கொடுத்தாள். பிறகு நான்கு பேர். நான் பின்னாலிருந்து தள்ளினேன். மனோரஞ்சிதம் வரவில்லை.

வகுப்பில் சங்கு ஊதினால் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்புவதாகத் தலைமை ஆசிரியை சொல்லிவிட்டாள். இப்போது ஊதுவதில்லை. பேசுவதும் இல்லை. வஜீஹா என் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு மஞ்சூரியா என்று பேர் வைத்தாகிவிட்டது.

என் பேச்சு இப்போது எங்கள் வீடு, உங்கள் வீடு, பள்ளிக்கூடம் மூன்று இடத்திலும் நடக்கிறது. உன்னிடம் மட்டும் சொன்னது அது. இனி எனக்கு எழுதாதே.

பீர் முஹம்மது மகள்
ஜஹீதா

வாலாஜாபேட்டை
20-10-42

அன்புள்ள ஜஹீதாவுக்கு,

எழுதாதே என்றாய். நீ எழுத வேண்டாம், நான் எழுதுகிறேன்.

தையல் பெட்டி வந்து சேர்ந்தது. எனக்கு வேண்டாம், நாளைக்குத் திருப்பி அனுப்புகிறேன். மறுபடியும் ஆசைப்படுவேன், நீ தர மாட்டாய், அதுதான் முறை.

மாமா குளியலறைக்கு நம்பர் அட்டை கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். என் நம்பர் பதினாறு.

செண்பகம்

வாலாஜாபேட்டை
3-11-42

அன்புள்ள ஜஹீதாவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நீ நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகக் கோபமாக இருக்கிறாய் என்று குப்பி ஒரு கார்டு போட்டிருக்கிறாள். அதை மூன்று தடவை படித்தேன்.

பதில் வேண்டி எழுதவில்லை. அட்டை நம்பர் பதினொன்றுக்கு முன்னேறியிருக்கிறேன்.

செண்பகம்

மயிலாப்பூர்
16-11-42

செண்பகத்துக்கு,

கோபம் தீரவில்லை. நீ ஒன்று கேட்டிருந்தாய், அதற்குப் பதில் எழுதாமல் இருப்பது மரியாதை இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

ஆமாம். மைதானத்தில் நின்றபோது ஆமாம். அதற்கு முன்னாலும் பல நாள். அந்த நாள்களில் நான் எழுதின வேடிக்கையெல்லாம், நீ சிரித்தால் இன்னும் ஒருத்திக்காவது என்னைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

இப்போது சில நாள் மட்டும் அந்த நினைப்பு எட்டிப் பார்க்கிறது. வந்தால் குப்பியிடம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. குப்பி தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிச் சொல்ல வேண்டும். அவளை எழுப்பி உட்கார வைப்பதற்குள் பாதி போய்விடுகிறது. அத்தா தினமும் காலையில் என்னைப் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுவிடுகிறார். வழியெல்லாம் தகரத்தைப் பற்றிப் பேசுகிறார். வெள்ளிக்கிழமை பேச்சை நிறுத்தி, "அந்த வாலாஜாபேட்டைப் பொண்ணுக்குப் பதில் போட்டியா?" என்று கேட்டார்.

மனோரஞ்சிதம் மாறவில்லை. ஆனால் அவள் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் சாப்பாட்டு வேளையில் எங்கள் பக்கம் வந்து உட்காருகிறார்கள், ஊறுகாய்க்காக என்று சொல்லிக்கொண்டு.

குப்பிக்கு நீ எழுதினது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. இதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது, நேரில் சண்டை போட வேண்டும். போனவர்கள் எல்லாரும் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். ஜனவரியில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்படி உன் அப்பாவுக்கு அத்தா தனியாக எழுதுகிறார். எனக்கும் வஜீஹாவுக்கும் நடுவில் உட்காரலாம். நீ வந்தால் உனக்கு ஜெர்மனி என்று பேர் வரும் என்கிறாள் அவள். எதற்கும் தயாராக வா.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் வாசலில் வஜீஹா இரண்டாவது தடவையாகக் கூப்பிடுகிறாள். நான் போக வேண்டும்.

உன்
ஜஹீதா