ஏரிக்கரையில் நின்று பேசுகிறேன்

அடியே,

உன் மழைக்கோட்டில் அந்த ரப்பர் வாடை இன்னும் போகவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததை இன்று மத்தியானம் எடுத்து உதறினேன். எந்நேரமும் வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பாயே, அந்தச் சோம்பு வாடையும் அதன் பையிலிருந்து வந்தது. உட்கார்ந்து அழ எனக்கு நேரமில்லை. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. உள்ளே என் மகள் கலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஏரி உடைஞ்சிருச்சாம்மா!" என்று அழுதுகொண்டிருந்தாள்.

ஆமாம், கலை பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நிறைமாதம். இன்றோ நாளையோ என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கலையின் போனுக்கு வந்த பதிவில் ஒரு ஆண் குரல் மூச்சுவாங்கப் பேசியது. திருநின்றவூர் ஏரி உடைந்துவிட்டது, எல்லாரும் ஓடுங்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்றது. கூடவே ஒரு வீடியோ. செம்மண் தண்ணீர் கரையைப் பிளந்துகொண்டு பாய்கிறது, ஒரு மாடு மிதந்து போகிறது. தெருவில் அதற்குள் ஆட்கள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் பைக்கில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, தண்டவாளத்துக்குக் கீழே போகிற சப்வே பக்கம் திரும்பினார். வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதே. நீ போன பிறகு நான் தெரு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். டிவி வயரையும் பிடுங்கிப் போட்டேன். பின்னே என்னடி! காலையில் போனைத் திறந்தால் எங்கோ ஒரு பெண்ணை வெட்டிப் போட்டிருக்கிறான், எங்கோ குண்டு விழுகிறது, எந்தக் கம்பெனியோ ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறது. காபி தொண்டையில் இறங்க வேண்டாமா? நீ பக்கத்தில் இருந்தவரை நீ வடிகட்டிச் சொன்னாய். அப்புறம் எனக்கு வடிகட்ட ஆளில்லை. எதுவுமே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் தெருவில் நாலு பேர் சேர்ந்து பேசினாலே என்னவோ ஏதோ என்று வாசலுக்கு ஓட ஆரம்பித்தேன். நீ இருந்திருந்தால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டிருப்பாய், "இன்னாமே, காதப் பொத்திக்கினா மய நின்னுடுமா?" என்று.

உன்னை முதலில் பார்த்தபோதே உன் வாய்க்குப் பயந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தச் சட்டைக் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷின் நீ. காலையில் ஒரே ரயில், சாயங்காலம் ஒரே ரயில், இறங்கினால் ஒரே தெரு. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நீ இந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவர்களின் பெண். மழை தூறினாலே நான் மேகத்தைப் பார்ப்பேன். நீ மகளிர் பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரிப்பாய். "காஞ்ச ஊர்க்காரி, தண்ணியக் கண்டா பேயக் கண்ட மாரி முயிக்கிறா பாரு!"

உன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தைத்து முடித்த சட்டையை நீ வெளிப்பக்கம் பார்க்கவே மாட்டாய். உடனே உள்பக்கம் திருப்பித் தையலை இழுத்துப் பார்ப்பாய். ரயிலில் யாராவது ஒரு சேதியைச் சொன்னாலும் அதே கதைதான். பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறானாம், உப்பு கிடைக்காதாம் என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். நீ சோம்பை மென்றுகொண்டே, "யாரு பாத்தா? அவ எங்க நின்னுகினு பாத்தா?" என்று கேட்பாய். அவள் தன் நாத்தனாரின் ஓரகத்திக்குத் தெரிந்த பெண் என்பாள். பெட்டி முழுக்கச் சிரிக்கும். அவளுக்குக் கோபம் வரும். உனக்கு அதைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது.

அந்த முதல் பெருமழை வருஷம் நினைவிருக்கிறதா? இதே மாதிரி ஒரு வீடியோ, இதே மாதிரி ஓடுங்கள் ஓடுங்கள். என் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தார். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கி, சப்வே வழியாக ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று கிளம்பிவிட்டோம். கிழவி முருகா முருகா என்று கத்துகிறார். நீ குறுக்கே வந்து நின்றாய். "யாராச்சும் போயி பாத்தீங்களா? இருங்க, நான் பாத்துகினு வரேன். நான் சொல்றவரிக்கும் ஒர்த்தரும் நவுரக் கூடாது." மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். தெருவே உன்னைத் திட்டியது. நானும் திட்டினேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டே, இவள் பேச்சைக் கேட்டு நாம் சாகப்போகிறோம் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் உன் குரல் போனில் வந்தது. காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"நான் ஏரிக்கர மேல நின்னுகினு கீறேன். கர அப்பிடியே கீது. அந்தப் படத்துல தென்ன மரம் கீது பாத்தீங்களா? நம்ப கரையில ஏதுய்யா தென்ன? எல்லாம் பன மரம். அது எந்த ஊரு ஏரியோ! வர்ற வயில சப்வேயப் பாத்தேன், கயுத்து வரிக்கும் தண்ணி. ஒர்த்தரும் அங்க போவாதீங்க."

நாங்கள் நாற்காலியை இறக்கி வைத்தோம். நீ திரும்பி வந்தாய், தலையைத் துவட்டாமலே என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா கெயவி, சாமி பாதியிலயே உன்னத் திருப்பி அனுப்சிடுச்சா?" என்றாய். கிழவி உன் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தார். எனக்கு ஒரு நாள் கொடுத்ததில்லை.

அன்றைக்குத்தான் குரூப்பில் உன் சட்டம் வந்தது. எந்தச் சேதி போட்டாலும், நீ எங்கே நின்று பேசுகிறாய் என்று முதலில் சொல்ல வேண்டும். சொல்லாத சேதிக்கு யாரும் பதில் போடக் கூடாது. படித்த பையன்கள் சிலர் கிண்டல் செய்தார்கள். பிறகு அவர்களும் "நான் ரேஷன் கடை வாசலில் நிற்கிறேன், பருப்பு வந்திருக்கிறது" என்று போட ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருஷ மழையில் நீ மறுபடி கரைக்குப் போனாய். நல்ல சேதிதான் சொல்வாய் என்று தெருவே காத்திருந்தது. "ஏரி ரொம்பி, வயியற வாய் கலங்கல் மேல தண்ணி போவுது. பொயுது சாயறதுக்குள்ள நம்ப தெருவுக்கு வந்துடும். இப்பவே கெளம்புங்க, மேம்பாலத்து வயியா" என்றாய். எல்லாரும் கிளம்பிவிட்டோம். சொன்னபடியே ஏரி வழிந்து தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, சாமான் போனது, ஆள் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்யாண மண்டபத்தில் பாயை விரித்துக்கொண்டு உன்னிடம் கேட்டேன், உனக்குப் பயமே கிடையாதாடி என்று. "கீதுமே. ஆனா கெட்டது இன்னான்னு தெரிஞ்சாதானே இன்னா பண்லாம்னு கை தேடும்? தெரிலன்னா சும்மா பயந்துகினேதான் கெடக்கணும்" என்றாய்.

உனக்கே கெட்ட சேதி வந்த நாளை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அவளாண்ட சொல்லிடாதம்மா, இடிஞ்சி பூடுவா." நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, சாதாரணக் கட்டிதானாம்டி, மாத்திரையில் கரைந்துவிடுமாம் என்றேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"நீ எங்க நின்னுகினு பேசற?"

அவ்வளவுதான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுது, புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, தலையணைக்கு அடியிலிருந்த சோம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எனுக்கு வந்த சேதி எனுக்குத் தெரியாம ஊரெல்லாம் சுத்துனா நல்லாவா கீது?" என்று கேட்டாய். "சரி, வுடு. பொங்கலுக்கு ஒரு மஞ்சப் பொடவ எடுக்கணும். அத்தக் கட்டாம பூட மாட்டேன்." எடுத்தாய். கட்டினாய். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று தெருவுக்கே கரும்பு வெட்டிக் கொடுத்தாய். அதற்கப்புறம்தான் போனாய், பாவி. போவதற்கு முன்னால் இந்த மழைக்கோட்டை என் மடியில் போட்டு, "நீ வெச்சிக்கோ. காஞ்ச ஊர்க்காரி, உனுக்குத்தான் நனையத் தெரியாது" என்றாய்.

இன்று அதைப் போட்டுக்கொண்டேன். கலையைப் பக்கத்து வீட்டு அண்ணியிடம் விட்டேன். "போகாதம்மா, எல்லாரும் ஓடுறாங்க, நீ மட்டும் ஏன் அந்தப் பக்கம் போற?" என்று கலை என் கையை விடவில்லை. அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் வந்தேன். வழியில் எதிரே வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போ, திரும்பிப் போ என்று கத்தினார்கள். கணுக்கால் அளவு தண்ணீர். எங்கே பள்ளம், எங்கே சாக்கடை என்று தெரியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் கலைக்கு வலி வந்துவிட்டால்? உண்மையிலேயே உடைந்திருந்தால்? முருகா என்று கத்திய என் மாமியார் குரல் என் வாயிலிருந்தே வந்தது.

கரை இருந்தது. பனை மரங்கள் இருந்தன. ஏரி உடையவில்லை. ஆனால் தண்ணீர் கலங்கலைத் தொட்டுவிட்டது, அலை அடிக்கும்போது ஒரு விளிம்பில் வழிகிறது. அப்போது எனக்கு ஒரு ஆசை வந்தது, உடையவில்லை என்று மட்டும் சொல்லிவிடலாமே என்று. எல்லாரும் மூட்டையை இறக்குவார்கள், கலை அழுகையை நிறுத்துவாள். அதுவும் பொய்யில்லைதானே? உன் கோட்டுக்குள் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கலைக்குப் போன் போட்டு, நான் சொல்வதை அப்படியே பதிவு செய்து அண்ணி மூலம் குரூப்பில் போடு என்றேன். "நான் ஏரிக்கரையில நின்னு பேசறேன். ஏரி உடையல. அந்த வீடியோ நம்ம ஊர் இல்ல. ஆனா தண்ணி கலங்கலத் தொட்டுருச்சு. பிள்ளத்தாச்சி, வயசானவங்க, குழந்தைங்க இருக்கற வீடு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பணும். ஓட வேண்டாம், நடந்தே போகலாம். சப்வே வேண்டாம், பாலத்து வழியா போங்க."

வீட்டுக்குத் திரும்பியதும் கலையை ஆட்டோவில் ஏற்றி, பாலத்து வழியாக ஆவடியில் என் நாத்தனார் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம்தான். கலை தூங்குகிறாள், வயிற்றுக்குள் இருப்பது உதைத்துக்கொண்டிருக்கிறது. அவள் அப்பா போன் எடுத்துவிட்டார், வந்துகொண்டிருக்கிறார். நம் தெருவில் இப்போது முட்டிக்கு மேல் தண்ணீராம்.

என்னை மறுபடி குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நான் அணைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் சப்வே வாசலிலேயே திரும்பிவிட்டாராம்: நான் பாலத்து மேல நிக்கிறேன், குழந்தைங்க நல்லா இருக்காங்க. பக்கத்து வீட்டு அண்ணி: நான் மண்டபத்து வாசல்ல நிக்கிறேன், சாப்பாடு வந்திருக்கு. உன் வீட்டுக்காரர் கூடப் பேசினார்: நான் ஸ்டேஷனாண்ட நின்னுகினு கீறேன், ரயிலு ஓடுது. ஒருத்தர் விடாமல் எல்லாரும் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கோட்டு கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, நீ ஒருத்தி மட்டும் இன்னும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.