கிண்ணத்துக்கு மெத்தை

அன்புள்ள லாக்லன்,

இங்கே நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு இருக்கிறோம், அபர்தீனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் முக்கியமான சேதி. பல வார ஆலோசனைக்குப் பிறகு அப்பா, குளியலறை மிதியடியைப் பட்டறையில் மெருகுச் சக்கரத்துக்குக் கீழே விரிப்பதென்று முடிவெடுத்து, சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று அறிவித்தார். சக்கரம் பிடுங்கி எறிந்தாலும் தான் கடைந்த ஹுவான் பைன் மரக் கிண்ணத்துக்கு அடிபடக்கூடாதாம். கிண்ணத்துக்கு மெத்தை போட்டாச்சு, மிச்சமிருக்கிற ஒரு கண்ணுக்கு என்ன போட்டீங்க என்று கேட்டேன். இடது கண்ணை முன்பே வேலிக்கம்பிக்குக் கொடுத்தவர் அல்லவா, அவர் குழம்பை இந்தப் பக்கம் தள்ளு என்றார்.

முகக் கவசம் இல்லாமல் இல்லை, நான்தான் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தேன். போன மாதம் ஒரு கிண்ணத்தில் கீறல் தெரிகிறதென்று மத்தியானம் முழுக்கத் தேய்த்தார், மெழுகு பூசினார், மறுபடி தேய்த்தார், கீறல் போகவில்லை. மரக் கடைசல் சங்கத் தலைவர் கோர்டன் வந்து பார்த்து, ரஸ், கீறல் உன் கவசத்துல இருக்குப்பா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிண்ணத்தைச் சல்லடையாக்கியிருப்பே என்றவர், அதைச் சங்கம் முழுக்கவும் சொல்லிவைத்தார். அன்றைக்குக் கழற்றியதுதான். மூஞ்சிக்கு முன்னால அது இருந்தா பளபளப்பு தெரியல ஐவி என்கிறார். நாளைக்கும் பளபளப்பைப் பார்க்கக் கண் வேணுமே என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சக்கரத்தின் கீழ்ப்பாதியிலேயே பிடி, விளிம்பை அது சுத்தி வர்ற பக்கம் காட்டாதே, பார்க்கணும்னா நிறுத்திட்டுப் பாரு என்று கோர்டனும் தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

அப்பா விழுந்துவிட்டார் என்று போனில் சொன்னேனே, அவர் பக்கத்தில் இருந்ததால் அவ்வளவுதான் சொன்னேன். மிதியடி விரித்த பிறகு நடந்தது இது. கண்காட்சிக்குப் போகவேண்டிய அந்தக் கிண்ணத்தை, சக்கரம் ஓடும்போதே வெளிச்சத்துக்காக மேலே தூக்கிப் பிடித்தார், விளிம்பு மாட்டியது, கிண்ணம் நேரே முகத்துக்கு வந்தது. வலது கன்ன எலும்பில் விரிசல், கண்ணில் தையல். கட்டைப் பிரித்தால்தான் பார்வை தெரியும் என்கிறார் ஹோபார்ட் டாக்டர். அதுவரை தட்டில் எங்கே கறி எங்கே பட்டாணி என்று நான் சொல்ல, அவர் முள்கரண்டியால் தேடுகிறார். வழி சொல்றதுல நீ என்னைக்குமே மோசம் என்று கேலி வேறு.

நீ பதறி டிக்கெட் எடுத்துவிடாதே, எதுவானாலும் கூப்பிடுகிறேன். அப்பாவிடம் கண்ணைப் பற்றிக் கேட்காதே, கிண்ணத்தைப் பற்றிக் கேள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் அம்மா,
ஐவி

அப்பா தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிப் பேனாவை வாங்கினார். அவர் பெயர் மேசைவிரிப்பில் இருக்கிறது.