பத்து பத்து முதல் பத்து பதினான்கு வரை

மார்ச் 9, 1942. திங்கள். ஹாலிஃபாக்ஸ்.

தானமாகக் கிடைத்த காலணி இரண்டு அளவு பெரியது. செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு நடக்கிறேன். இந்த மாலுமிகள் விடுதியில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் மாடி வெப்பக்குழாயின் வால்வைக் கழற்றிச் சரிசெய்தேன். யாரும் கேட்கவில்லை.

எங்கள் கப்பல் 'கிரான்ஹோல்ட்' மூழ்கிப் பன்னிரண்டு நாள். முப்பத்தோரு பேரில் இருபத்திரண்டு பேர் பிழைத்தோம். செத்த ஒன்பது பேரும் ஒரே படகு. டார்பிடோ அவர்களைக் கொல்லவில்லை. இடப்பக்கப் படகை இறக்கும்போது கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தொட்டதும் படகு இழுபட்டுக் கவிழ்ந்தது.

சமையற்காரர் இங்வால்டின் தம்பி லெய்ஃப் அதில் இருந்தான். காலைச் சாப்பாட்டில் இங்வால்ட் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கப்பலில் எஞ்சினியரை 'மேஸ்டர்' என்பார்கள்; நான் இளையவன், அதனால் அவருக்குக் குட்டி மேஸ்டர்.

"குட்டி மேஸ்டர், நீ பெர்கன்ல எஞ்சின் படிப்பு படிச்சவன். சொல்லு. என் தம்பி படகு ஏன் கவிழ்ந்துச்சு?"

"ஓடுற கப்பல்ல படகை இறக்கக் கூடாது. அரிச்சுவடிப் பாடம்."

"யார் இறக்கச் சொன்னது?"

"மேட் பிராட்லாண்ட்."

கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான பிராட்லாண்டும் அதே படகில்தான் போனார். மறுத்துப் பேச வரமாட்டார். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இல்லைதானே?

மார்ச் 10.

துறைமுகம் வரை இரண்டு முறை நடந்தேன். வேலை கொடு என்றால், முதலில் விசாரணை முடியட்டும் என்கிறார்கள். எங்கள் நாட்டுத் தூதரகத்தில் வெள்ளிக்கிழமை விசாரணை. ஒரு மேசை, ஒரு பேனா, நாலு தாள் — அதற்கு இத்தனை நாளா?

மார்ச் 11.

ஞாயிறன்று தேவாலயத்தில் ஒன்பது பெயர்களையும் வாசிக்கப் போகிறார்கள். இங்வால்ட் மதியம் எல்லார் முன்னாலும் கரண்டியை மேசையில் தட்டினார். "பிராட்லாண்ட் பேரை வாசிச்சா நான் எழுந்து போயிடுவேன். கொன்னவன் பேரு என் தம்பி பேரோட வரக் கூடாது." இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் மீன் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 25, காலை. எஞ்சின் அறையில் நானும் ஆயில்மேன் ஹால்வாரும். முன்புறம் வெடித்தது. பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன்: பத்து பத்து. மேலே கேப்டன் தளத்திலிருந்து மணி அடித்து, கட்டளைத் தட்டின் முள் 'நிறுத்து' என்று காட்டாமல் எஞ்சின் கைப்பிடியைத் தொடக் கூடாது. அதுதான் விதி. கப்பல் தப்பி ஓடப் பார்க்கும் நேரத்தில் கீழே இருப்பவன் தானாக நிறுத்தினால் எல்லாரும் சாக வேண்டியதுதான். மணி அடிக்கவில்லை. முள் 'முழு வேகம்' விட்டு நகரவில்லை.

"மேல மணிக்கம்பி அறுந்திருக்கும், மேஸ்டர். நிறுத்துங்க!"

"மணி வரட்டும்!"

மறுபடி சொன்னார். வாயை மூடு என்று கத்தினேன். கைப்பிடியைத் திருப்பும்போது பத்து பதினான்கு.

ரொட்டிக்கடை வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவன் நான். அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்தப் பொறுமை?

மார்ச் 12.

மாடிப்படியில் ஹால்வார் என்னை மறித்தார். "நாளைக்கு என்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. நீங்க உடனே நிறுத்திட்டீங்கன்னு சொல்லிடறேன். நீங்களும் அதையே சொல்லுங்க."

"அப்போ பிராட்லாண்ட்?"

"செத்தவருக்கு என்ன, வலிக்கவா போகுது?"

நான் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மார்ச் 13. வெள்ளி.

கேப்டன் சொன்னது: 'நிறுத்து' மணியை அவரே இழுத்தார். பிராட்லாண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிடம் நின்றார். கப்பலின் முன்புறம் வேகமாகத் தண்ணீரில் அமிழ்ந்ததால்தான் அதற்குமேல் நிற்காமல் படகை இறக்கினார்.

மூன்று நிமிடம் நின்றிருக்கிறார் அந்த மனுஷன்! நான் நிறுத்தியிருப்பேன் என்று நம்பி.

அடுத்து ஹால்வார். சத்தியம் செய்துவிட்டு, "மேஸ்டர் உடனே நிறுத்தினாரு" என்றார். தூதரக அதிகாரி கேப்டன் பக்கம் திரும்பினார். "உடனே நிறுத்தியிருந்தால் மூன்று நிமிடத்தில் வேகம் குறைந்திருக்குமே. மேட் அவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது உங்கள் ஞாபகப் பிசகாக இருக்கலாம்."

பிறகு நான். "நாலு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தேன். ஹால்வார் நிறுத்தச் சொன்னார். நான் கேட்கவில்லை."

அதிகாரி எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தார். "விதிப்படி நடந்திருக்கிறீர்கள். உங்கள்மேல் குற்றம் இல்லை."

குற்றம் இல்லையாம். ஒன்பது பேருய்யா! யாராவது திட்டித் தொலைத்திருக்கலாம்.

பின்வரிசையில் இங்வால்ட் இருந்தார். என்னைப் பார்க்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் ஹால்வார்: "உங்களுக்காகத்தானே சொன்னேன்? சத்தியம் பண்ணினவனைப் பொய்யனாக்கிட்டீங்களே!" அவர் சொன்னதும் சரிதான். முந்தின நாளே 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் காத்திருந்திருக்கிறேன்.

மார்ச் 15. ஞாயிறு.

பிராட்லாண்டின் பெயர் முதலில் வந்தது. இங்வால்ட் எழுந்தார் — வெளியே போகவில்லை, ஒன்பது பெயரும் முடியும் வரை நின்றார். பிறகு அவர்தான் எல்லாருக்கும் காபி ஊற்றினார். என் கோப்பையைத் தாண்டி அடுத்தவரிடம் போனார்.

மார்ச் 24.

கப்பல் கிடைத்துவிட்டது. ஹால்வார் வேறு கப்பல். கை கொடுத்தேன், வாங்கவில்லை.

ஏப்ரல் 2. வியாழன். கப்பலில்.

கப்பல் எனக்குப் புதிது, எஞ்சின் பழசு. தலைமை எஞ்சினியர் எடுத்த எடுப்பில் சொன்னார்: "மணி அடிக்காம கைப்பிடியில கை வைக்கக் கூடாது."

"அடிபட்டால் ஒரு நிமிஷம் பார்ப்பேன். அதுக்கு மேல இல்லை."

"யாரைக் கேட்டு?"

முறைத்துவிட்டுப் போனார். எஞ்சின் அறை வாட்சிலிருந்து என்னைத் தூக்குவார் என்று நினைத்தேன். இதுவரை தூக்கவில்லை.

மதியம் தட்டோடு சமையலறைக்குப் போனால், உள்ளே இங்வால்ட்.

"நான் இந்தக் கப்பல்னு தெரியாதா உங்களுக்கு?"

"பேர்ப் பட்டியலைப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "மத்தவன் மணிக்காக எவ்வளவு நேரம் நிப்பான்னு எனக்குத் தெரியாது. நீ இனிமே நிக்க மாட்டே."

கத்தியை வைத்துவிட்டு அகப்பையை எடுத்தார்.

"லெய்ஃப் விஷயத்துல உன்னை விட்டுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதே. தட்டை நீட்டு."

நீட்டினேன்.