ஓகேயா, கென்சலா

14.07.1997
காலையிலேயே மின்சாரம் போய் வந்தது. ட்ரவல்ஸில் புதுக் கொம்பியூட்டருக்கு முன்னால் நானும் தவராசாவும் மாறி மாறி இருக்கிறோம். சாய்ந்தமருதிலிருந்து முபாறக் வந்தார். அவருடைய வாப்பா சீனிமுகம்மதுவுக்கு வருத்தம் கடுமையாம். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகளைத்தான் கேட்கிறாராம். "கண்ணத் திறந்தா ஸகியா, மூடினா ஸகியா" என்றார் முபாறக். வியாழக்கிழமை ப்ளேனில் ஓர் இடம் கிடைத்தது. தவராசாதான் பதிந்து கொடுத்தான்.

16.07
ஸகியாவின் இடம் இல்லை!

திகதியைச் சரிபார்க்கப் போன தவராசா, தவறுதலாக வேறொன்றை அமத்தியிருக்கிறான். 'இந்தப் பதிவைக் கென்சல் செய்யவா?' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்திருக்கிறது. கீழே இரண்டு பொத்தான்: ஓகே, கென்சல்.

"கென்சலை அமத்தினா டிக்கட் கென்சலாகிப் போகும் எண்டு பயந்து ஓகேயை அமத்தினன், றுகையா."

ஓகேதான் அழித்துவிட்டது. அழிப்பதற்கும் கென்சல், அழிக்காமல் விடுவதற்கும் கென்சலா? யார் இந்தப் பெட்டியைச் செய்தது? கொழும்புக்குப் போனில் கோல் மேல் கோல். ஞாயிறுவரை எல்லாம் நிரம்பிவிட்டதாம்.

19.07
சீனிமுகம்மது மௌத்து. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். ஸகியா இன்னும் குவைத்தில்.

20.07
முபாறக் வந்து கத்தினார். "தமிழன்ட கையில குடுத்ததுதான் எங்கட பிழை. வேணுமெண்டே செஞ்சிரிக்கான்!" றோட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கல்முனையில் தமிழருக்கும் எங்களுக்கும் இடையில் இப்படி ஒரு சொல் விழுந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதலாளி றஸாக் காக்கா தவராசாவைப் பின்வாசலால் அவனுடைய ஊரான பாண்டிருப்புக்கு அனுப்பினார். "இனி வராத" என்றும் சொல்லிவிட்டார். நடந்தது தெரிந்த நானும் தடுக்கவில்லை.

21.07
ஸகியா வந்து சேர்ந்துவிட்டாராம். நேரே வாப்பாவை அடக்கிய மையவாடிக்குப் போகப் பார்த்தாராம்.

24.07
தவராசாவின் வேலையை எனக்குப் பழக்க றஸாக் காக்கா பக்கத்தில் இருந்தார். ஒரு ஹாஜியாரின் ஜித்தாப் பதிவைத் திறந்து, அதே பெட்டியை வரவைத்தார். "பாரு புள்ள, இந்தப் பெட்டி வந்தா பயப்படக்கூடா…" என்று சொல்லிக்கொண்டே ஓகேயை அமத்தினார்.

பதிவு போய்விட்டது.

நல்லவேளை, அந்த இடத்தை வேறு யாரும் எடுத்திருக்கவில்லை. கொழும்புக்கு ஒரே கோலில் மீட்டுக்கொண்டோம். காக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தவராசா?" என்று கேட்டேன்.

தொப்பியைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

25.07
பாண்டிருப்புக்குத்தான் போயிருக்கிறார். "முதல்ல அந்த மௌத்து வீட்ட போகவேணும்" என்றானாம் தவராசா. இருவரும் சாய்ந்தமருதுக்குப் போனார்களாம்.

"நானும் அதத்தான் அமத்தினன் எண்டு முபாறக்கிட்ட சொன்னன். அவன் முகத்தத் திருப்பிக்கிட்டான்" என்றார் காக்கா.

"ஸகியா ராத்தா?"

"கதவுக்குப் பின்னால நிண்டு எல்லாத்தையும் கேட்டா."

30.07
தவராசா வேலைக்கு வந்துவிட்டான். இன்னும் ஒட்டாமல் இருக்கிறான். பெட்டியை மாற்றச் சொன்னதற்கு, புரோகிராம் எழுதிய கொழும்புக்காரர், வேறு ஒருவரும் குறை சொல்லவில்லையே என்றாராம். காக்கா போனிலேயே வெடித்தார்: "இங்க ஒரு மனிசன் மகள்ட முகத்தப் பாக்காம மௌத்தாகிட்டார். இது காணாதா ஒங்களுக்கு?"

09.08
பெட்டி மாறிவிட்டது. இப்போது ஒரு பொத்தானில் 'பதிவை அழி', மற்றதில் 'பதிவை வைத்திரு'. ஆங்கிலம்தான். ஆனாலும் விளங்குகிறது. இவ்வளவுதானா? இவ்வளவுதான்.

18.08
குவைத்துக்குத் திரும்பிப் போக ஸகியா ராத்தா டிக்கட் போட வந்தார். முபாறக் வெளியிலேயே நின்றுகொண்டார். தவராசா சட்டென்று எழுந்து எனக்கு இடம் விட்டான்.

"இரிங்க தம்பி" என்றார் ராத்தா. "நீங்களே போடுங்க."

அவன் திரையை அவர் பக்கம் திருப்பினான். பெயர், திகதி, நேரம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினான்.

"சரிதானே அக்கா?"

"ஓம்."

வெயிலுக்கோ என்னவோ, கொஞ்சத்தில் முபாறக்கும் உள்ளே வந்தார். தவராசாவுக்கு எதிரே கிடந்த கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.